நானூற்று மூன்றாவது மூடை

நெல் மூடை அடுக்கும்போது நல்ல சாக்கை முகத்துக்கு வைக்க வேண்டும். இறுக்கமாக நிரம்பிய, கிழியாத, மூலை நிமிர்ந்து நிற்கிற சாக்குகள் நாலு பக்கச் சுவருக்கும் மேல்தட்டுக்கும் போகும். ஒட்டுப் போட்டது, தைத்தது, தளர்ந்தது எல்லாம் உள்ளே. அப்படி அடுக்கினால்தான் அடுக்குச் சரியாமல் நிற்கும். ஒட்டுச் சாக்கைச் சுவரில் வைத்தால் எலி முதலில் அதைத்தான் பிடிக்கும். போகிற வருகிறவர்களின் கை பட்டும் கிழியும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருபத்தைந்து வருடம் மூடை தூக்கியதில் தானாகக் கைக்கு வந்தது.

கொழும்பில் என் வேலை செய்கிறவர்களை நாட்டாமை என்பார்களாம். கிளிநொச்சியிலிருந்து உள்ளே வருகிற எங்கள் குடியேற்றத் திட்டத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை. ‘மூடை தூக்கிற ஆள்’ என்றால் நான்தான். எங்கள் ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து கனகராயன்குளத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். கல்யாணம் முடித்து நான் இங்கே வந்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் நான்கும் தெரியும், அவ்வளவுதான். நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. யாராவது என்னிடம் கேள்வி கேட்டால் தோளில் மூடை இருப்பது நல்லது. முகத்தைக் காட்டாமல் பதில் சொல்லலாம்.

எனக்கு ஒரு ஏக்கர் வயல் உண்டு. வாய்க்காலின் கடைசிக் காணி, பள்ளம். மாரிக்காலத்து நெற்போகமான காலபோகத்தில் மழை இறங்கிவிட்டால் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதற்கு முன்னால் பயிர் முளைத்து, தண்ணீருக்கு மேலே தலை தூக்குகிற உயரம் வளர்ந்திருக்க வேண்டும். மேட்டுக் காணிக்காரர் முளைக்காத இடத்தில் திரும்ப விதைக்கலாம். எனக்கு அது முடியாது. ஒரே தடவைதான்.

அந்த வருடம் எங்கள் விவசாயிகளின் கமக்கார அமைப்பு, காலபோகத்துக்கு வெளியிலிருந்து விதைநெல் எடுப்பதில்லை என்று முடிவு செய்தது. முந்தின போகத்தில் வெளி விதை பிந்தி வந்து, பாதி வயலில் களைதான் முதலில் முளைத்தது. “எங்கட நெல்லை நாங்களே விதைப்பம்” என்றார் அமைப்பின் தலைவர். அறுபதைத் தாண்டிய, குரல் பெரிய மனிதர். யாழ்ப்பாணத்திலிருந்து திட்டம் தொடங்கிய காலத்தில் வந்த குடும்பம். அவர் சொன்னால் மறுத்துப் பேச எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. கோடைச் சிறுபோகம் அறுத்ததும் ஒவ்வொருவரும் தங்கள் பங்கு நெல்லை அமைப்பின் ஸ்டோருக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லாம் வந்து சேர்ந்தபின் நானும் என் மனைவியின் தம்பியும் ஒரே நாளில் அடுக்கினோம். ஒரு தட்டுக்கு அறுபது மூடை; நீளத்தில் பத்து, அகலத்தில் ஆறு. அப்படி ஏழு தட்டு. நானூற்று இருபது மூடை.

விதைப்பதற்கு முன் நெல் முளைக்குமா என்று பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு அமைப்பின் செயலாளரான பெண்ணுக்கு. அவா ரோட்டோரக் கொட்டில் ஒன்றில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவா. முப்பத்தைந்து வயதிருக்கும். தானே வயலும் செய்கிறவா. என்னைவிட இளையவா என்றாலும் எல்லாரையும் போல நானும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு காலை டீச்சர் குத்தூசியோடு வந்தா. சாக்கில் குத்தினால் சாக்குக் கிழியாமல் ஒரு பிடி நெல் வழிந்து வருகிற கூர்க்குழாய் அது. தலைவரும் ஏழெட்டுப் பேரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

“இவ்வளவு மூடைக்கும் நாலு பிடி நெல்லோ டீச்சர்?” என்றார் ஒருவர்.

“சோறு பதம் பாக்கிறதுக்கு முழுப் பானையையும் திண்டே பாக்கிறனீங்கள்? நல்லாக் கலந்து, ஆள் பாக்காமல் எடுத்தால் நாலு பிடி போதும். ஆள் பாத்து எடுத்தால்தான் பிழை.”

“அப்ப டீச்சர் என்ர மூடையைத் தொடாதேங்கோ, கண் பட்டிடும்.”

டீச்சர் சிரித்துக்கொண்டே கழுத்துத் துவாயை எடுத்துக் கண்ணைக் கட்டினா. ஒரு கையால் அடுக்கைத் தடவியபடி சுற்றி நடந்து, நின்ற இடத்தில் குத்தினா. கொஞ்சம் நடந்து திரும்பக் குத்தினா. ஒரு தடவை குத்தூசி தலைவரின் வயிற்றுக்குக் கிட்டப் போக, “என்னிலும் முளைதிறன் பாக்கப் போறீங்களோ?” என்று அவர் பின்னுக்குப் பாய்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே அவாவின் கையைக் கவனித்தேன்.

கண்ணைக் கட்டினாலும் அவாவின் கை சுவரைத்தான் தொட்டது. சுவரில் இருந்தது எல்லாம் நான் பொறுக்கி வைத்த சாக்கு.

சாக்கு நல்லதென்றால் என்ன, நெல்லு நெல்லுதானே என்று நினைப்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்துப் பார்த்தேன். ஆனால் அந்தச் சிறுபோகத்தில் அப்படி இல்லை. அறுவடையின் முதல் வாரம் நல்ல வெயில். மெஷின் வெட்டிக் கொட்டிய நெல்லைப் புதுச் சாக்கில் கட்டி நேரே கொண்டுவந்தார்கள். இரண்டாம் வாரம் ஒரு பின்னேரம் மழை அடித்தது. வெட்டிக் குவித்த நெல் நனைந்தது. நனைந்த நெல்லைத் தார் ரோட்டில் பரப்பி மூன்று நாள் காய வைத்தோம். புதுச் சாக்கெல்லாம் முதல் வாரமே முடிந்துவிட்டதால் வீட்டில் கிடந்த பழைய சாக்கு, உரப்பை, கிழிந்ததைத் தைத்தது என்று கிடைத்ததில் அள்ளிக் கட்டினோம். ஒட்டுச் சாக்கு என்றால் மழை பட்ட நெல். வெளியில் இருந்து பார்க்கிறவருக்குச் சாக்குத்தான் வித்தியாசம். உள்ளே நெல்லும் வித்தியாசம். அதை நானே பிரித்து, ஒன்றை வெளியிலும் மற்றதை உள்ளேயும் வைத்துவிட்டேன்.

உள்ளே இருந்ததில் ஒன்பது மூடை என்னுடையது.

ஏழு நாள் ஈரத் துணியில் கிடந்தபின் டீச்சர் எண்ணினா. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று முளைத்திருந்தது. தலைவர் அன்றே எல்லாருக்கும் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார்.

“வெளி விதைக்காரன் வந்து பாக்கட்டும்! ஏக்கருக்கு ரெண்டு புசல் விதைநெல் போதும். அதுக்கு மேல ஒருத்தரும் விதைக்கத் தேவையில்லை!”

வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொன்னால் முதல் கேள்வி ‘உள்ளே யாருடைய நெல்?’ என்று வரும். அந்த முகங்களுக்கு நடுவில் என் பெயரை நானே சொல்ல வேண்டும். வடையைத் தாளில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவளும் எங்கள் பக்கத்து ஆள். வீட்டுக்குள் நாங்கள் எங்கள் மலையகப் பேச்சுத்தான்.

“அப்ப அங்கயே சொல்லிட்டு வர்றதுதானே?”

“எப்பிடிச் சொல்றது, அத்தன பேரு இருக்காங்க.”

“ஆமா, மூட்டைகிட்டதான் நீங்க வாயத் தெறப்பீங்க. பள்ளத்துல மொளைக்காமப் போனா அப்பவும் மூட்டைகிட்டயே போய்ச் சொல்லிக்கிங்க.”

அவள் சொன்னது சுட்டது. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. மழை பட்ட நெல் உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கிறதா? இல்லை, நான்தான் பயப்படுகிறேனா? சாப்பாட்டுக்கென்று வீட்டில் வைத்திருந்ததும் அதே மழை நெல்தான். கையை விட்டுக் கலக்கி, கண்ணைத் திருப்பிக்கொண்டு ஒரு பிடி எடுத்தேன். அதில் நூறு மணி எண்ணும்போது பதரும் சின்னதுமாய் இருந்ததைத் தள்ளிவிட விரல் தானாகப் போனது. தள்ளவில்லை. வந்தது வந்தபடி நூறு எண்ணி, நனைந்த சாக்குத் துண்டில் சுற்றித் தண்ணீர்ப் பானையின் அடியில் வைத்தேன். ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். எட்டாம் நாள் பிரித்து எண்ணினால் ஐம்பத்தாறு. திரும்ப எண்ணினேன். மனைவியும் எண்ணினாள். ஐம்பத்தாறுதான்.

அன்று காலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு டியூஷன் கொட்டிலுக்குப் போனேன். பிள்ளைகள் போகும்வரை பூவரச மரத்தடியில் நின்றேன். டீச்சரே வெளியில் வந்து கேட்டா.

“என்ன அண்ணை, ஸ்டோரில ஏதும் பிரச்சினையோ?”

“இல்ல டீச்சர்… உள்ளுக்க இருக்கிறது வேற சாக்கு.”

“வேற சாக்கெண்டால்?”

நான் சொன்னேன். நின்று நின்று, நடுவில் கீழே பார்த்து, ஆனால் முழுவதையும் சொன்னேன். என் ஒன்பது மூடையைத் தவிர. சாக்குத் துண்டை விரித்து முளைத்ததையும் முளைக்காததையும் காட்டினேன். டீச்சர் அதை வாங்கி மேசையில் வைத்து, முளைக்காததை விரலால் ஒதுக்கிப் பார்த்தா.

“உள்ளுக்க எத்தினை மூடை?”

அது எனக்குத் தெரியும். “ஒரு தட்டில சுத்திவர இருபத்தெட்டு வெளிய நிக்கும். நடுவில முப்பத்திரண்டு. மேல்தட்டு முழுக்க நல்லது. ஆறு தட்டு முப்பத்திரண்டு, நூற்றுத்தொண்ணூற்றிரண்டு.”

“நானூற்றிருபதில நூற்றுத்தொண்ணூற்றிரண்டு மூடை. அதில ஒண்டுகூட என்ர கையில வந்திருக்கேலாது.” அவா தலையில் கை வைத்தா. “கண்ணை வேற கட்டிக்கொண்டு சுத்தினனான்! நல்ல கூத்து. ஆள் பாக்காமல் எடுக்கிறதெண்டால் எல்லா மூடைக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு இருக்கவேணும் அண்ணை. நான் கதவடியில நிண்டவையைத்தான் கேட்டிருக்கிறன். அறைக்குள்ள இருந்தவையை ஒருத்தரும் கேக்கேல்லை.”

பிறகு அவா கேட்ட கேள்வியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. “முழுக்கவும் சேத்துப் பாத்தால் எவ்வளவு வருமெண்டு நீங்கள் நினைக்கிறீங்கள்?” என்றா. யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. ‘எங்கே இறக்குவது’ என்று கேட்பார்கள், ‘எத்தனை மணிக்கு வருவாய்’ என்று கேட்பார்கள். நான் மண்ணில் குந்தி ஒரு குச்சியால் போட்டேன். பத்து மூடை இருந்தால் ஐந்தரை வெளியே, நாலரை உள்ளே. ஐந்தரைக்குத் தொண்ணூற்று மூன்று, நாலரைக்கு ஐம்பத்தாறு. பெருக்கி, கூட்டி, பத்தால் பிரித்தேன்.

“எழுபத்தாறு, டீச்சர்.”

அவா அந்த எண்ணைத் தன் கொப்பியில் எழுதி, பக்கத்தில் என்னவோ அடையாளம் போட்டா. “இது உங்கட கணக்கு. சரியோ பிழையோ பாப்பம்” என்றா.

அடுத்த நாள் பின்னேரம் ஸ்டோர் முற்றத்தில் கூட்டம். டீச்சர் எழும்பி, தான் எடுத்த சோதனை மாதிரி பிழை என்று சொன்னா. காரணத்தையும் சொன்னா. தலைவரின் முகம் மாறியது.

“இப்ப என்ன சொல்லுறியள்? எங்கட நெல் பழுதெண்டோ?”

“பழுதெண்டு சொல்லேல்லை ஐயா. எவ்வளவு நல்லதெண்டு எங்களுக்கு இன்னும் தெரியாதெண்டு சொல்லுறன்.”

“தேத்தண்ணியும் வடையும் குடுத்தாச்சு பிள்ளை!”

“வடையைத் திருப்பித் தரேலாதுதான்” என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரிப்பு எழும்பியது. தலைவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“நீயோ தம்பி இந்தக் கதையைத் தொடக்கினது? அடுக்கினவனும் நீ. அப்பவே வாய் திறந்திருக்கலாமே?”

“அவரின்ர வாயை மூடையோட சேத்துக் கட்டிப்போட்டினம்” என்றார் இன்னொருவர்.

நான் எழும்பினேன். சுவரில் சாய்ந்து நின்றேன். யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

“என்ர காணி பள்ளம் ஐயா. எனக்கு ஒருக்காத்தான் விதைக்கலாம்.”

அங்கே பள்ளக் காணி எனக்கு மட்டும் இல்லை. பதினொரு பேருக்கு இருந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“சரி, ஆர் அடுக்கைப் பிரிக்கிறது?” என்றார் தலைவர். “நானூறு மூடை. விளையாட்டோ?”

“நான் இறக்கிறன்.”

டீச்சர் அன்றே அடுக்குக்கு இலக்கம் போட்டா. மேல்தட்டின் வாசல் மூலையிலிருந்து ஒன்று, இரண்டு என்று வரிசையாக, தட்டுத் தட்டாகக் கீழே நானூற்று இருபது வரை. எந்த இலக்கம் எந்த இடம் என்று கடதாசியில் கட்டம் கீறினா. நானூற்று இருபது துண்டு வெட்டி, சுருட்டி, ஒரு வாளியில் போட்டுக் கலக்கினா. எடுக்கச் சொன்னது தலைவரை. “நீங்கள் எடுத்தால் ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்” என்றா. அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கோயில் திருவிழாச் சீட்டெடுப்பது போலப் பக்தியோடு இருபது துண்டு எடுத்தார்.

விடிந்ததும் நானும் மச்சானும் தொடங்கினோம். இலக்கம் வந்த மூடையில் டீச்சர் குத்தி இருபது மணி எடுத்து, தனித்தனித் துணியில் கட்டி இலக்கம் எழுதினா. முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் ஒன்பது மணியளவில் தாங்களும் தூக்க வந்தார்கள். பாதிப் பேருக்கு மூடை பிடிக்கத் தெரியவில்லை. ஒருவர் மூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடக்க, “உங்கட மனிசியைக்கூட இப்பிடிப் பிடிச்சிருக்கமாட்டியள்” என்று மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். நான் அவருக்குத் தோளில் ஏற்றுகிற விதத்தைக் காட்டினேன். அன்று முழுக்க என்னை வேலைக்கு ஏவினவர்களை நான் ஏவிக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம். பத்தொன்பது மூடை பார்த்தாயிற்று. மிச்சம் ஒன்று, நானூற்று மூன்று. அடித்தட்டில், நடுவில், மூன்று பக்கமும் இன்னும் மூடை நின்றது. அதை எடுக்க நூறுக்கு மேல் மூடையை நகர்த்த வேண்டும். எல்லாருக்கும் முதுகு ஒடிந்திருந்தது. தலைவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

“அதை விடுவம். அந்தா, ஓரத்தில நானூற்றுப் பதினொண்டு நிக்குது. கைக்கெட்டின தூரம். அதில குத்துங்கோ டீச்சர். இருபதில ஒண்டு. என்ன வரப்போகுது?”

டீச்சர் வாயைத் திறக்க முன்னால் மற்றவர்கள் “ஓம் ஓம்” என்றார்கள். மச்சான் ஏற்கெனவே மூடையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான்.

எனக்கு நானூற்று மூன்று தெரியும். அடுக்கின அன்று அந்த இடத்தில் எந்த மூடையை வைத்தேன் என்பது என் கைக்கு ஞாபகம் இருந்தது. நீல நைலோன் நூலால் மனைவி தைத்த சாக்கு. என்னுடையது. தலைவர் சொன்னபடி விட்டால் அது வெளியே வராது. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவும் மாட்டார்கள்.

“இல்லை ஐயா” என்றேன். என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. “கைக்கு எட்டினதை எடுத்ததாலதான் முதல் பிழை வந்தது. நீங்கள் எடுத்த துண்டு நானூற்று மூண்டு. அதைத்தான் எடுக்கவேணும்.”

“மனிசன் சாகப்போறான் அடா!”

“நீங்கள் இருங்கோ. நான் எடுக்கிறன்.”

நான் தூக்கத் தொடங்கினேன். பதினைந்து மூடை வரை தனியாக. பிறகு மச்சான் எழும்பி வந்தான். பிறகு பகிடி பண்ணினவர்கள் வந்தார்கள். கடைசியில் தலைவரே சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு மூடையின் மறுமுனையைப் பிடித்தார். ஒன்றரை மணித்தியாலத்தில் நானூற்று மூன்று வெளிச்சத்துக்கு வந்தது. நீல நூல் எல்லாருக்கும் தெரிந்தது.

“இது ஆரின்ர?” என்றார் தலைவர்.

“என்ர. இதோட ஒன்பது இருக்கு. எல்லாம் மழை பட்டது.”

அவர் சாக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “உனக்கு இது இதுதானெண்டு தெரிஞ்சிருந்ததோ?”

“ஓம் ஐயா.”

அவர் டீச்சரைப் பார்த்து, “குத்துங்கோ பிள்ளை” என்றார்.

அந்த ஏழு நாளும் வானத்தைப் பார்ப்பதும் ஸ்டோருக்குப் போவதுமாக இருந்தேன். புரட்டாதி முடிகிற நேரம். பின்னேரங்களில் தெற்கே முழங்கியது. எட்டாம் நாள் காலை இருபது துணியையும் மேசையில் வரிசையாக விரித்து, எல்லார் முன்னாலும் எண்ணினோம். பன்னிரண்டு துணியில் பதினெட்டு, பத்தொன்பது என்று வந்தது; ஒன்றில் இருபதும் முளைத்திருந்தது. மற்ற எட்டில் பதின்மூன்று, பத்து, எட்டு. என் நானூற்று மூன்றில் ஒன்பது. மொத்தம் நானூறு மணியில் இருநூற்றுத்தொண்ணூற்றெட்டு.

“நூற்றுக்கு எழுபத்தினாலரை” என்றா டீச்சர். தன் கொப்பியைத் திறந்து, அடையாளம் போட்டு வைத்திருந்த எண்ணை எல்லாருக்கும் காட்டினா. “அண்ணை அடுக்கைப் பிரிக்க முதலே சொன்னவர், எழுபத்தாறெண்டு.”

“அப்ப ஒண்டரை பிழை” என்றார் முன்பு வடைப் பகிடி விட்டவர்.

“பிழையில்லை. இன்னொருக்கா வாளியில கை வைச்சு வேற இருபது எடுத்தால் எழுபத்தொண்டு வரும், இல்லாட்டி எழுபத்தெட்டு வரும். மாதிரியெண்டால் அப்பிடித்தான் கொஞ்சம் ஆடும். எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையிலயெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. தொண்ணூற்றிமூண்டு மட்டும் வராது.”

எழுபத்தினாலரை என்ற எண்ணை எல்லாரும் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டார்கள். தொண்ணூற்று மூன்று என்று நம்பி இரண்டு புசல் விதைத்திருந்தால், சிலர் வயல் செழித்திருக்கும், சிலர் வயலில் பாதி வெறுந்தரையாய் இருந்திருக்கும். யாருக்கு எந்த மூடை போகும் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது அடுக்கு பிரிந்து கிடந்ததால் ஒரு நன்மை இருந்தது. நல்ல சாக்கும் ஒட்டுச் சாக்கும் இரண்டு குவியலாக நின்றன. டீச்சர் சொன்னா: பள்ளக் காணிக்காரருக்கு முதலில் நல்ல குவியல். அவர்களுக்குத் திரும்ப விதைக்க வழியில்லை. மேட்டுக்காரர் மிச்ச நல்லதைப் பிரித்துக்கொள்ளலாம். போதாததற்கு ஒட்டுச் சாக்கு நெல்லை அடர்த்தியாக விதைக்கலாம்.

“அதெப்பிடி? பழுதைத் தந்தவருக்கு நல்லதோ?” என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அது நியாயமான கேள்வி.

பதில் சொன்னது தலைவர். “எனக்கு அஞ்சு ஏக்கர் மேடு. அதுக்கு உந்த ஒட்டுச் சாக்கைத் தாங்கோ. ஏக்கருக்கு எவ்வளவு விதைக்கவேணும்? தம்பி, சொல்லு.”

டீச்சரை அல்ல, என்னைக் கேட்டார். முற்றம் நிறைய ஆள் நின்றது. நான் விரலால் காற்றில் பெருக்கினேன். நல்லதில் இரண்டு புசலுக்கு எத்தனை முளையோ, அத்தனை முளை ஐம்பத்தாறில் வர வேண்டும்.

“மூண்டேகால் புசல், ஐயா. மூண்டரை விதைச்சால் பயமில்லை.”

“மூண்டரை” என்றார் அவர், எழுதிக்கொள்ளச் சொல்வது போல.

பெருமழைக்கு ஏழு வாரம் முன்னால் விதைத்தேன். உழவின் ஈரமும் ஒரு சின்னத் தூறலும் போதுமாயிருந்தது. ஒரு வாரத்தில் பச்சை ஊசி ஊசியாய் எழும்பியது. நான் வரம்பில் நிற்க, தலைவர் மோட்டர் சைக்கிளில் வாய்க்கால் கரை வழியாகக் கடைசி வரை வந்து இறங்கினார். அவர் அந்த முனைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

“நல்லா முளைச்சிருக்குப் போல?”

“பாத்துச் சொல்றன் ஐயா” என்றேன். வயலுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு செருப்பைக் கழற்றித் தலைக்கு மேலால் பின்னுக்கு எறிந்தேன். விழுந்த இடத்தில் ஒரு முழச் சதுரம் வைத்து எண்ணினேன். திரும்ப எறிந்தேன். ஐந்து இடம். அவர் சிரிக்காமல் வரம்பில் காத்து நின்றார். மூன்றாவது தடவை செருப்பு ஒரு மொட்டை மூலையில் விழுந்தது. அதையும் எண்ணிச் சேர்த்தேன். விதைத்த நெல்லை ஏக்கரின் பரப்பால் பிரித்துச் சதுரத்துக்கு இவ்வளவு விழுந்திருக்கும் என்று வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். குருவி தின்றதும் போக, பத்தில் எட்டுக்கு மேல் தரையில் நின்றது.

“பத்துக்கு எட்டு” என்று வயலின் நடுவிலிருந்தே கத்திச் சொன்னேன்.

“என்னது?”

“பத்துக்கு எட்டு, ஐயா! எட்டுக்கு மேல!”

பக்கத்து வயலில் நின்றவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். நான் குனியவில்லை. அதற்கு ஆறு வாரம் கழித்துப் பெருமழை இறங்கியது. பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் ஏறியது. விடிந்து போய்ப் பார்த்தபோது வயல் முழுக்கப் பயிரின் நுனி தண்ணீருக்கு மேலே நான்கு விரல் நின்றது.